குண்டோபந்த் எழுதாத வசனங்கள்

குண்டோபந்த் ஹெர்லேகரின் பெயரில் இருந்த குண்டு அவர் உடம்பில் எங்கும் இல்லை. கொடியில் காயப்போட்ட சட்டைக்குத் தலையும் மீசையும் முளைத்த மாதிரி இருப்பார். கனமெல்லாம் பேச்சில். கோலாப்பூர்க் கடைவீதியில் அவர் எதிரே வந்தால், தெரிந்தவர்கள் செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்துகொண்டு, அவர் கடந்து போகும்வரை நிமிர மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் பேர் வாங்கியது ஊமைப் படங்களில். அதிலும், எந்த வசனங்களுக்காகப் பேர் வாங்கினாரோ அவற்றில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை.

அதற்கு முன்னால் நிறைய எழுதியிருந்தார். வாலிபத்தில் ஒரு நாடகக் கம்பெனிக்கு ஐந்து அங்கத்தில் சங்கீத நாடகம் செய்து கொடுத்தார். மூன்றாம் அங்கத்தில் அம்பு தைத்த ராஜா நான்காம் அங்கம் முழுக்கப் பேசினான். ஐந்தாம் அங்கத்தில் பாட ஆரம்பித்தான். மிரஜில் அரங்கேற்றம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யோவ், யாராச்சும் இன்னொரு அம்பு விடுங்கய்யா! புள்ளகுட்டிக்காரங்க வீட்டுக்குப் போவணும்!"

ராஜா வேஷக்காரன் நல்ல மனிதன். குரல் வந்த பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அந்த இடத்திலேயே செத்துப் போனான். கம்பெனியும் சீக்கிரமே அதே வழியில் போயிற்று.

அவர் மனைவி பெயர் வேணு. புல்லாங்குழலின் பெயர் வைத்த பெண்ணுக்குச் சிறுவயதில் வந்த விஷக்காய்ச்சலில் காது போய்விட்டது. பேசக் கற்ற பிறகு போனதால் பேச்சு நன்றாக வரும். அளவுதான் தெரியாது. அவள் ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டிலிருந்து பதில் வரும். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். கோயில் வாசலில் அந்தக் கோடியில் நின்று இரண்டு பேர் மருமகளைத் திட்டினால், இந்தக் கோடியில் நிற்கிற வேணுவுக்கு விவரம் வந்து சேர்ந்துவிடும்.

பேச்சுக்காரனுக்குச் செவிடாகப் பார்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள், நல்ல பொருத்தம் என்று ஊர் சொன்னது. ஊருக்கு விஷயம் தெரியாது. குண்டோபந்த் பேசும்போது முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஜீவன் அவள்தான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். போதும் என்று தோன்றினால் கண்ணை மூடிக்கொள்வாள். அத்துடன் அந்த வீட்டில் பேச்சு முடிந்தது.

நாடகம் கைவிட்ட பிறகு ஷாஹுபுரியில் அப்பாசாஹேப் சௌகுலேயின் வெல்ல மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடை சொல்கிற வேலை கிடைத்தது. இரண்டு மணங்கு என்று சொன்னால் போதும். குண்டோபந்த், "கரும்புத் தாயின் கண்ணீர் இரண்டு மணங்கு" என்றார். வண்டிகள் தெருமுனைவரை நின்றன. அந்தச் சமயத்தில்தான் கோலாப்பூரில் பாதிப் பேருக்கு வந்த படப்பிடிப்புப் பித்து அப்பாசாஹேபுக்கும் வந்தது. மண்டியின் பின்கட்டைக் காலி செய்து, கேமரா வாங்கி வைத்து, ஒரு கம்பெனி ஆரம்பித்தார். குண்டோபந்தைத் தராசிலிருந்து எழுப்பி அங்கே அனுப்பினார்.

"பந்த், படத்துக்கு நடுவுல எழுத்து வருமே, கார்டு, அத நீங்க எழுதுங்க. இங்க நீங்க பேசினா வண்டி நிக்குது. அங்க ஒண்ணும் நிக்காது."

அங்கேயும் பாதியில் நின்றது, படிப்பு. கொட்டகையில் எழுத்துத் தெரிந்தவன் தெரியாதவனுக்காகக் கார்டைச் சத்தமாகப் படிப்பது வழக்கம். குண்டோபந்தின் கார்டில் பாதி தாண்டுவதற்குள் அது திரையை விட்டுப் போய்விடும். "மீதி என்னய்யா?" என்பான் பக்கத்திலிருப்பவன். "மீதி ஓடிப்போச்சு" என்பான் படித்தவன். இதில் கைகலப்பெல்லாம் நடந்திருக்கிறது.

கம்பெனியின் டைரக்டர் ஒரு நாள் பம்பாய்க்குக் கிளம்பிப் போய்விட்டார். குண்டோபந்த் அப்பாசாஹேப் முன்னால் போய் நின்றார். தானே கதை எழுதி, தானே படம் பிடிக்கிறேன் என்பதை அவருக்குரிய நீளத்தில் சொன்னார். அப்பாசாஹேபுக்கு எல்லாமே வெல்லக் கணக்கு. கடைசியில் கையை உயர்த்தினார்.

"ஒரே ஒரு படம். பாகு பதம் தப்பிச்சுன்னா, மறுபடி தராசுக்குப் பக்கத்துல வந்து உக்காந்துரணும். எடைய மட்டும் சொல்லணும். கண்ணீர், கிண்ணீர் எல்லாம் கூடாது. என்ன?"

குண்டோபந்த் தராசு இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சரி என்றார்.

'வீர சூர்யாஜி அல்லது பதிவிரதையின் பிரதிக்ஞை' என்று படத்துக்குப் பெயர். ஒரு கோட்டைத் தலைவன், அவன் மனைவி, கோட்டையைக் கேட்கிற சுல்தான், போர், வீர மரணம். சூர்யாஜியாக சிதோபா பயில்வான். அவன் கோதாவில் இறங்கினால் ஊரில் கடை திறந்திருக்காது. மனைவியாக ஹௌசாபாய், தமாஷா என்கிற மராத்திக் கூத்துக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவள். வாய்க்கு வாய் கொடுத்து அவளை ஜெயித்தவர் அந்த ஜில்லாவில் இல்லை.

முதல் நாளே வசனத்தில் தகராறு. போருக்குப் புறப்படும் சூர்யாஜி சொல்வதற்கு குண்டோபந்த் ஒரு பக்கம் எழுதியிருந்தார். சிதோபா 'பிராணநாயகி'யிலேயே தடுக்கி விழுந்தான்.

"மாஸ்டர், இது வாய்க்குள்ள போவல. மல்லுக்கு நிக்கச் சொல்லுங்க, சாயங்காலம் வரைக்கும் நிக்கறேன்."

"நிக்கறதுக்கு ஒரு தூணு போதுமே, உனக்கு எதுக்கு முட்டையும் பாலும்?" என்றாள் ஹௌசாபாய்.

"நீ சும்மா இரு. ஒனக்கு மட்டும் மனப்பாடமா?"

"எனக்குப் புரிஞ்சாத்தானே மனப்பாடம் ஆவறதுக்கு."

கேமராவில் பிலிம் ஓடிவிடும் என்று ஆபரேட்டர் கத்தினார். குண்டோபந்த் இறங்கி வந்தார். "சரி, வாயை மட்டும் அசைங்க. எதையாவது பேசிக்கிங்க. யாருக்குக் கேக்கப் போகுது? என்ன பேசினீங்கன்னு நான் கார்டுல எழுதிக்கறேன்."

ஊமைப் படத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எழுதியது வீணாகிறதே என்று அவருக்குத் தாங்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பக்கம் முழுவதையும் கண்ணீரோடு தானே உரக்கச் சொன்னார். ஒவ்வொரு காட்சிக்கும் அப்படித்தான். அவர் சத்தத்தில், அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்பது அவர் காதில் விழவே இல்லை.

படம் முடிந்ததும் மண்டியின் பின்கட்டில், ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி, சோதனைக் காட்சி போட்டார்கள். அப்பாசாஹேப் நாற்காலியில், மேனேஜர் பக்கத்தில், வேணு முன்னால் ஜமக்காளத்தில். வேணு அதற்கு முன் பார்த்தவை எல்லாம் வெள்ளைக்காரப் படங்கள். அந்த உதடுகள் அவளுக்குப் பிடிபடவில்லை. கம்பெனி எடுத்த பழைய படங்களில் எல்லாரும் முனிவர்கள். தாடிக்குள் யார் என்ன சொன்னார்கள் என்று அந்த முனிவர்களுக்கே தெரியாது. சூர்யாஜிக்குத் தாடி இல்லை. ஒழுங்காகச் சவரம் செய்த முகம்.

சுல்தானின் தூதன் பொற்காசைக் கொட்டிக் கோட்டையைக் கேட்டான். சூர்யாஜி வாயசைத்தான். 'அற்பனே! சஹ்யாத்ரியின் சிகரங்கள் சாட்சியாக' என்று கார்டு ஆரம்பித்தது. வேணு குபீரென்று சிரித்தாள். இருட்டில் யாரோ இருமினார்கள். மனைவியிடம் விடைபெறும் காட்சியில் மறுபடி சிரித்தாள். மனைவி மடியில் சூர்யாஜி உயிரை விடும் இடத்தில் 'ஓ ஆரிய மாதாவே' கார்டு வந்தபோது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

குண்டோபந்த் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி விளக்கருகே போய் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். "சாகறான் வேணு. மனுஷன் சாகறான். எதுக்குச் சிரிக்கறே?"

"அவ கால் மரத்துப் போச்சுங்கறாளே!" என்றாள் வேணு, மண்டி முழுக்கக் கேட்க.

அப்பாசாஹேப் நாற்காலியைத் திருப்பினார். "என்ன சொல்றாங்க வீட்டம்மா? இன்னொரு தடவ ஓட்டு. ஒண்ணு விடாமச் சொல்லச் சொல்லுங்க."

வேணு சொன்னாள். தூதனுக்கு சூர்யாஜி சொன்ன பதில்: "மூக்குல ஈ உக்காந்திருக்கு. அப்பறம் வா." மண்டியின் பின்கட்டில் ஈ இல்லாத காட்சியே கிடையாது. போருக்குப் புறப்படும்போது ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றி அவன் கேட்டது: "இன்னிக்கு வெள்ளை ரஸ்ஸாவா, செவப்பு ரஸ்ஸாவா?" அதற்கு மனைவி: "மொதல்ல நீ வந்து சேரு." போர்க்களத்தில் குதிரையைப் பார்த்துச் சொன்னதை மட்டும் அவள் சொல்ல மறுத்துவிட்டாள். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அது கோலாப்பூரில் பால்காரன் மாட்டையும் அப்பன் பிள்ளையையும் கூப்பிடுகிற சொல்.

அப்பாசாஹேப் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"இவளுக்கு மட்டும்தாங்க தெரியும்" என்றார் குண்டோபந்த். "மத்தவங்களுக்கு எப்படி..."

"பந்த், சிதோபா வாயைத் தெரியாதவன் இந்த ஊர்ல எவன்? கோதாவுல அவன் ஒதடு அசைஞ்சா ஊரே கூடச் சேந்து திட்டும். குதிரைய என்ன சொன்னான்னு எனக்கே தெரிஞ்சுதே!"

"திருப்பி எடுத்துரலாம்."

"எங்கேர்ந்து? பிலிம் தீந்தாச்சு. அவன் பரோடாவுக்குக் குஸ்திக்குப் போயிட்டான். அவ குழுவோட ஊர் ஊராப் போறா. தசராவுக்குப் படம்னு தண்டோராப் போட்டாச்சு." அப்பாசாஹேப் எழுந்து வேட்டியை உதறினார். "அழுவற எடத்துல ஜனங்க சிரிச்சா பாகு கருகிப்போச்சுன்னு அர்த்தம். தராசைத் தொடச்சு வைக்கச் சொல்றேன்."

அன்று வீட்டுக்கு வந்த குண்டோபந்த் பேசவில்லை. மறுநாள் பகலிலும் பேசவில்லை. வேணு பாக்ரி ரொட்டியும் கடலைமாவு பிட்லாவும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்தாள். அது மெல்லுவதோடு நின்றுகொண்டது.

"நீங்க வாயைத் தொறக்கலன்னா நான் எப்படிங்க கேக்கறது?"

"என்னத்தச் சொல்ல? நீயே சிரிச்சுட்டே. ஊரு சும்மா இருக்குமா?"

"நான் அவங்களப் பாத்துச் சிரிச்சேன்னு யார் சொன்னா? உங்க கார்டைப் பாத்துத்தான் சிரிச்சேன்."

குண்டோபந்தின் கை பாதி வழியில் நின்றது.

"அவன் தலை அவ மடியில கெடக்கு. கால் மரத்துப் போச்சுங்கறா. அசையாத, இன்னும் கொஞ்ச நேரந்தான்கறான். எனக்கு அழுகை வர்ற நேரத்துல நீங்க வந்து 'ஓ ஆரிய மாதாவே'ன்னு நின்னீங்க. சிரிக்காம என்ன பண்ண?"

குண்டோபந்த் பாக்ரியைத் தட்டில் வைத்தார். பிறகு, "போருக்குப் போறச்சே என்ன கேக்கறான்? திருப்பிச் சொல்லு" என்றார்.

"வெள்ளை ரஸ்ஸாவா, செவப்பு ரஸ்ஸாவா."

"அவ?"

"மொதல்ல நீ வந்து சேரு."

குண்டோபந்த் ஆட்டுக்கறி வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவர். ஆனால் வராமல் போகப் போகிறவனிடம் வந்து சேரச் சொல்கிறவளைத் தன் வாழ்நாளில் ஒரு பக்கத்திலும் தான் எழுதியதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கையைக்கூடக் கழுவாமல் மண்டிக்கு நடந்தார். வேணு கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மறுபடி சாக்கு கட்டினார்கள். ஆபரேட்டர் கையால் மெதுவாகச் சுற்ற, வேணு உதடுகளைப் படிக்க, குண்டோபந்த் எழுதினார். எழுதியது பாதி, சண்டை பாதி.

"இதுக்கு முன்னால ஒரு 'ஓ' போட்டுக்கறேன்."

"அவன் 'ஓ' சொல்லலீங்க."

"சொல்லியிருக்க வேண்டிய எடம் வேணு."

"சொல்லலியே."

"ஒரே ஒரு எழுத்து. அதுல உனக்கு என்ன நஷ்டம்? இலக்கணத்துல ஆச்சரியத்துக்குன்னு ஒண்ணு..."

வேணு கண்ணை மூடிக்கொண்டாள். 'ஓ' போயிற்று.

கதையும் இடம் கொடுத்தது. கோட்டைமேல் நிற்கும் காவல்காரன் ஆபரேட்டரைப் பார்த்து, "வெயில் மண்டையப் பொளக்குது, சீக்கிரம்டா" என்றிருந்தான். முற்றுகையில் தவிக்கிற காவலனுக்கு அதைவிட என்ன வேண்டும்? குதிரைக்குச் சொன்ன சொல்தான் நகரவில்லை. எழுதினால் போலீஸ்காரர்கள் வருவார்கள். எழுதாவிட்டால் அந்த உதடுகள் வெறுமனே நிற்கும். கடைசியில் குண்டோபந்த், எழுத்தே இல்லாமல் ஒரு பெரிய ஆச்சரியக்குறியை மட்டும் போட்ட கார்டு ஒன்று எழுதச் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே குறுகிய வசனம் அது. கார்டு எழுதுகிற பெயிண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பந்த், இது நெஜமாவே இவ்ளோதானா?" என்று மூன்று முறை கேட்டான்.

அப்பாசாஹேபுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தராசு துடைத்து வைக்கப்பட்டிருந்ததைப் போகும்போதும் வரும்போதும் குண்டோபந்த் பார்த்தார்.

தசரா அன்று கொட்டகையில் ஊசி போட இடமில்லை. பரோடாவில் ஜெயித்து வந்த சிதோபா பட்டுத் தலைப்பாகையோடு முன்வரிசையில். ஊர் திரும்பியிருந்த ஹௌசாபாய் பெண்கள் பக்கத்தில். அவளுக்குப் பின்னால் வேணு. அப்பாசாஹேபும் மேனேஜரும் மேல் வரிசை நாற்காலிகளில். குண்டோபந்த் உட்கார முடியாமல் இந்தப் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். தபலாவும் ஆர்மோனியப் பெட்டியும் காதைப் பிளந்தன. ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. அதற்குத்தான் வேணு இருந்தாள். படத்தைத்தான் பத்து தடவை பார்த்தாயிற்றே என்று திரைக்குப் பக்கவாட்டில் திரும்பி, வெளிச்சம் விழுந்த முகங்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தாள். குண்டோபந்த் அவள் முகத்தைப் படித்தார்.

தூதன் பொற்காசைக் கொட்டினான். சூர்யாஜியின் உதடு அசைந்தது. 'மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் வா.' படிக்கிறவன் முடிப்பதற்குள் கொட்டகை வெடித்தது. கூரை போய்விடும்போல விசில். அதற்கப்புறம் கார்டு வந்தால் எழுத்துத் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரும் சேர்ந்தே சொன்னார்கள். அவ்வளவு சின்ன வசனத்துக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'முதலில் நீ வந்து சேரு' என்றபோது பெண்கள் பக்கம் "வந்துருவான்டி, வந்துருவான்" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். வேணு அதைப் பார்த்துவிட்டுக் கணவனுக்குத் தலையசைத்தாள்.

குதிரை முரண்டு பிடித்தது. ஆச்சரியக்குறி வந்தது. அந்தச் சொல்லைக் கொட்டகை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. சிதோபா எழுந்து நின்று நான்கு பக்கமும் கும்பிட்டான்.

"உக்காரு பயில்வான், மறைக்குது! குதிரைக்கு இருக்கற அறிவு ஒனக்கு இல்லியா?" என்று ஹௌசாபாய் கத்தினாள்.

பிறகு அந்த இடம். சூர்யாஜியின் தலை அவள் மடியில்.

'கால் மரத்துப் போச்சு.'

'அசையாதே. இன்னும் கொஞ்ச நேரம்தான்.'

யாரும் சேர்ந்து சொல்லவில்லை. தபலாக்காரன் தானாகக் கையை எடுத்தான். இத்தனை பேர் இத்தனை அமைதியாக இருப்பதைக் குண்டோபந்த் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. பேச்சே தொழிலாக இருந்தவருக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. வேணுவைப் பார்த்தார். அவள் யார் உதட்டையும் படிக்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரீல் தீர்ந்தது. அடுத்ததை மாட்ட விளக்கைப் போட்டார்கள். ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்களே தவிர, வாயைத் திறக்கவில்லை. மேல் வரிசையில் அப்பாசாஹேப் மேனேஜர் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார். மேனேஜருக்கே பாதிதான் கேட்டிருக்கும்.

வேணு எழுந்து நின்றாள்.

"ஏங்க! அடுத்த படமும் உங்களுக்குத்தானாம்! தராசுக்கு வேற ஆள் பாக்கணுமாம்! இப்ப சொல்ல வேண்டாங்கறாரு, சொன்னாத் தலைக்கு ஏறிருமாம்!"

அவளுடைய கணக்கில் அது ரகசியம். கொட்டகை ஒரு நொடி திகைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் விளக்கு ஆடியது. அப்பாசாஹேப் அவசரமாகத் துண்டால் வாயை மூடினார். பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "அப்பாசாஹேப், இனிமே தாடி வளத்துக்குங்க!"

எல்லார் முகமும் சுவரோரம் திரும்பியது. குண்டோபந்த் நன்றி சொல்வதற்காக ஓரடி முன்னால் வந்து, மேல்துண்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்தார். எதிர்ப்பக்கத்தில் வேணு கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அப்படியே பின்வாங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் அவர் எடுத்த படங்கள் எல்லாம் அதே முறையில்தான். பேசும் படம் வந்து, எழுதிக் கொடுத்ததையே எல்லாரும் திருப்பிச் சொல்ல ஆரம்பிக்கும்வரை அது நடந்தது. இடையில் நடிகர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். வேணுவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கேமரா முன்னால் சொன்னால் போதும் என்று தெரிந்துவிட்டது. ராஜ்ஜியத்தை இழந்த அரசனாகக் காட்டில் நின்ற சிதோபா, வானத்தை அண்ணாந்து பார்த்து, கண்ணில் நீர் வழிய, "அண்ணி, போன தடவ குடுத்த நெல்லிக்கா ஊறுகா தீந்துபோச்சு" என்றான். குண்டோபந்த் நாள் முழுக்க யோசித்துவிட்டு, அண்ணியையும் நெல்லிக்காயையும் மட்டும் அடித்துவிட்டு, மிச்சத்தை அப்படியே கார்டில் போட்டார். ராஜ்ஜியம் போனவன் வேறு என்னதான் சொல்வான் என்று கோலாப்பூர் அழுதது. சிதோபாவுக்கு மறுநாளே ஜாடி போய்ச் சேர்ந்தது.